கை நனைக்காத வைஃபை

தூத்துக்குடியில உப்பு குடோனுகளுக்கு நடுவுல எங்க காம்பவுண்டு இருக்கு, அந்தக் காம்பவுண்டுக்கு எட்டு வீடு, எட்டு வீட்டுக்கும் சேத்து ஒரு முத்தம், முத்தத்துக்கு நடுவுல ஒரு கெணறு, கெணத்துக்குப் பக்கத்துல ஒரு பூவரசு, இத்தனைக்கும் சேத்து ஒரே ஒரு வைஃபை, அந்த வைஃபைக்கு இருந்த ரோஷம் இருக்கே, அது எங்க எட்டு வீட்டுப் பொம்பளைகளையும் ஒண்ணா நிறுத்தினாக்கூட வராது. நான் நாலாம் நம்பர் வீட்டு ஜெபக்கனி, ஜாக்கெட் தைக்கிறவ. மிஷினு வாசப்பக்கம் கெடக்கதால எவ யாரு வீட்டுக்குப் போறா, எவன் என்ன வாங்கிட்டு வாறான்னு எல்லாம் என் கண்ணுல பட்டுத்தான் போகும், அதுக்காக என்னைப் பொறணிக்காரின்னு சொல்லுறவ நல்லா இருக்கட்டும், நான் பாத்ததை மட்டுந்தான் சொல்லுதேன்.

அந்த ஆயுத பூசைக்கு முந்தி அது ரோஷக்கார வைஃபை இல்ல, வெறும் நோஞ்சான் வைஃபைதான். பெட்டி இருக்கிறது ஒண்ணாம் நம்பர்ல, லிங்கதுரை அண்ணாச்சி வீட்டுல, போஸ்ட்டுல இருந்து வயரு மொதல்ல அங்கதான் எறங்குச்சு. அண்ணாச்சி ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவரு, சாமானைப் பத்திரப்படுத்துறதுல அவரை மிஞ்ச ஆளு கெடையாது, அந்தப் பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால தரையோட தரையா ஒளிச்சு வச்சு, தூசி படாம இருக்கப் பழைய சேலையை நாலா மடிச்சுப் போத்தி விட்டிருந்தாரு. மாட்ட வந்த பையன் தலைப்பாடா அடிச்சுக்கிட்டான், "அண்ணாச்சி, உசரத்துல வையுங்க, நடுவுல வையுங்க, இரும்பு பக்கத்துல வேண்டாம், சுவரே பாதியை முழுங்கிரும், மீதியை உங்க பீரோ முழுங்கிரும்"னு. "களவு போனா நீயா வாங்கித் தருவ?"ன்னு கேட்டு அவனை அனுப்பிட்டாரு.

அதனால என்னாச்சு, ஃபோன் மூலையில பனை விசிறி மாதிரி கோடு காட்டும்லா, அந்த விசிறி ஒண்ணாம் வீட்டுல முழுசா விரியும், எங்க வீட்டுல பாதி விரியும், எட்டாம் வீட்டுக்குப் போறதுக்குள்ள அடிப்புள்ளி மட்டும் மிஞ்சி நிக்கும். ஃபோன் கம்பெனி டவரைப் பிடிக்கலாம்னா நாலு பக்கமும் குடோன் தகரம், அந்த சிக்னலு தகரத்துல முட்டி மண்டை ஒடஞ்சு திரும்பிப் போயிரும். ஒருத்தி வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல ஏறி நின்னு மகன்கிட்டப் பேசுவா, ஒருத்தன் ஏரோப்ளேன் படத்தை அமுக்குவான் எடுப்பான், அமுக்குவான் எடுப்பான், ஒருத்தி அலுமினியத் தாளைச் சுருட்டி ஜன்னல்ல செருகி வச்சு அதுல காக்கா கொத்துறதைப் பாத்துக்கிட்டு இருப்பா. சும்மா சொல்லக்கூடாது, நானும் ஃபோனை எவர்சில்வர் சட்டிக்குள்ள வச்சுப் பாத்தவதான்.

அந்த வருசம் ஆயுத பூசை அன்னைக்கு அண்ணாச்சி சம்சாரம் சண்முகக்கனி மைனி, அருவாமணைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஸ்கூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வச்சிக்கிட்டே வந்தாவ, எம் மிஷினுக்கும் வந்து வச்சாவ, நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரிதான், ஆனா சுண்டலுக்கு ஏது வேதம். வீட்டுக்குள்ள திரும்பிப் போனதும் பீரோவுக்குப் பின்னால பச்சை வெளிச்சம் மினுங்குறதைப் பாத்து, "பாவம், எட்டு வீட்டுக்கும் ராப்பகலா உழைக்குது, இதுக்கு ஒரு பொட்டு உண்டுமா"ன்னு சொல்லி, போத்தியிருந்த சேலையை உருவிப் போட்டு, பெட்டியைத் தொடச்சு, பரண் ஓரத்துல பலகை போட்டு உசர உட்கார வச்சு, மூணு பட்டை திருநீறு, நடுவுல சந்தனம், அதுக்கு நடுவுல குங்குமம், முன்னால பொரிகடலை, ஒரு தம்ளர் தண்ணின்னு வச்சுக் கும்பிட்டாவ.

மறுநாள் விடிஞ்சா ஒரு ஃபோன்லயும் விசிறி இல்ல, ஒண்ணாம் வீட்டுலயே இல்ல. பூசைக்கு வச்ச ஆயுதத்தை மறுநாள் நல்ல வார்த்தை சொல்லித்தானே வேலைக்குக் கூப்பிடணும், மைனி கையைத் தொடச்சுக்கிட்டு வந்து, பெட்டியைப் பாத்து, "வாங்க, வந்து உட்காருங்க, தண்ணி குடிங்க"ன்னு சொன்னாவ. தம்ளர்ல தண்ணி ரெண்டு மடக்கு கொறஞ்சுச்சு. அண்ணாச்சி ஃபோன்ல விசிறி விரிஞ்சு நின்னுச்சு. மைனி போய் அடுப்புல இட்லிச் சட்டியை ஏத்தினாவ.

இதுல ஆச்சரியப்பட என்ன இருக்குன்னுதான் எங்களுக்கும் தோணிச்சு. மதிச்சவன் வீட்டுக்குத்தான் மனுசனே போவான், பொட்டு வச்சு உசரத்துல உட்காந்த பொருளு சும்மா கண்ட வீட்டுக்குள்ள எல்லாம் சுவரு ஏறிக் குதிச்சுப் போகுமா? கூப்பிடணும். கூப்பிட்டா வரும். மூணாம் வீட்டு அற்புதம் சாரு மட்டும், ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியாரு, "அட கோட்டிக்காரங்களா, பீரோவுக்குப் பின்னால கெடந்ததை உசரத்துல வச்சதுனால நல்லா வருது, இதுக்குப் போய் விருந்து உபசாரமா"ன்னு சிரிச்சாரு. சிரிச்சவரு வீட்டுல அன்னைக்கு முழுக்க ஒரு கோடு வரல. பொழுது சாயிறதுக்குள்ள அவரு தெருமுனைக்குப் போய் டவரைப் பிடிச்சு ஒண்ணாம் வீட்டுக்கு ஃபோன் போட்டு, "பெட்டிகிட்ட ஸ்பீக்கர்ல போடுங்க, நான் கூப்பிட்டுருதேன்"னு சொல்லிப் பாத்தாரு, அதுவும் நடக்கல. கடைசியில சட்டை போட்டு, சீப்புப் பழம் எடுத்து, வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு, ஜோடியா வந்து நின்னு, "குடும்பத்தோட வந்துரணும்"னு பெட்டிகிட்டச் சொன்னாரு, சொல்லி முடிக்கலை, முத்தத்துல குப்புன்னு ஒரு சந்தன வாசனை, அது மூணாம் வீட்டுப் படியேறிப் போச்சு, வாசல்ல வச்ச தம்ளர்ல ரெண்டு மடக்கு கொறஞ்சுச்சு, சாரோட பேரன் அமெரிக்காவுல பல்லு வெளக்குறது வரைக்கும் பளிச்சுனு தெரிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் காம்பவுண்டுக்குன்னு ஒரு முறை உண்டாயிப் போச்சு, யாரும் உட்காந்து பேசி முடிவு பண்ணல, அதுவா உண்டாச்சு. வெத்தலை பாக்கு வச்சு நேர்ல போய்க் கூப்பிடணும், வாசல்ல தண்ணி வைக்கணும், வந்த விருந்தாளிக்கு முன்னால புருசன் பொண்டாட்டி சண்டை போடக்கூடாது, போட்டா படம் நடுவுல நின்னு சுத்தும், ஃபோனை அணைக்கும்போது "போயிட்டு வாங்க"ன்னு சொல்லணும், வெறுமனே "போ"ன்னு அணைச்சா மறுநாள் முகம் குடுக்காது. ஆறாம் வீட்டுக்காரி மைதீன்பாத்து, பன்னீர் தெளிச்சுக் கூப்பிட்டா, நான் ஒரு வாழைப்பழமும் ஒரு சின்ன ஜெபமும் வச்சுக் கூப்பிட்டேன், எல்லாரு வீட்டுக்கும் வந்துச்சு, மொறை பாத்துச்சே தவிர சாதி மதம் பாக்கல. ஏழாம் வீட்டுத் தாத்தா காலமானப்ப யாரும் கூப்பிடலை, கூப்பிடுற நெலைமையில யாரும் இல்ல, அது தானா வந்து வாசல்ல நின்னுச்சு, துபாயில இருந்த மகன் கடைசி வரைக்கும் அப்பா முகத்தை ஒரு தடங்கலும் இல்லாமப் பாத்தான். நல்லதுக்குக் கூப்பிட்டாப் போகணும், துக்கத்துக்குக் கூப்பிடாமப் போகணும்னு அந்தப் பெட்டிக்குத் தெரிஞ்சது எங்க பாதிப் பேருக்குத் தெரியாது.

இப்ப எட்டாம் வீட்டுக் கதைக்கு வாறேன். எட்டாம் வீட்டுக்காரி பரிபூரணம், லிங்கதுரை அண்ணாச்சியோட கூடப் பொறந்த தங்கச்சி. அண்ணன் ஒண்ணாம் வீடு, தங்கச்சி எட்டாம் வீடு, நடுவுல ஒரு முத்தம், ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கெடையாது. ஏன்னு கேளுங்க. அதுக்கு முந்தின வருசம் அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம், மைனி கழுத்துல நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவ பரிபூரணம், அவளுக்கு அண்ணன் அழைப்பு வச்சது எப்படித் தெரியுமா? காம்பவுண்டு வாட்ஸ்அப் குரூப்புல பத்திரிகையைப் போட்டுட்டாரு! குட் மார்னிங் ரோசாப்பூ படத்துக்கும் மோட்டார் ரிப்பேரு தண்ணி வராதுங்கிற செய்திக்கும் நடுவுல கெடந்துச்சு அவளுக்கு வந்த அழைப்பு.

"செருப்பை மாட்டி முத்தத்தைத் தாண்டி வந்து ஒரு வெத்தலை பாக்கு வைக்க அவனுக்குக் காலு வலிச்சுதா? குரூப்புல பாத்துட்டு வாறதுக்கு நான் என்ன பால்காரியா?"ன்னு அவ. "ஒரே வாசல்ல இருக்கவளுக்கு எதுக்கு அழைப்பு, அது அவ வீட்டு விசேஷம்லா, தன் வீட்டு விசேஷத்துக்குத் தானே பத்திரிகை வச்சுக்கிட்டுப் போறவ உண்டா?"ன்னு அவரு. ரெண்டு பேரு சொல்லுறதும் நியாயந்தான், அதுதான் சண்டை தீரல. அவ போகல, முடிச்சை ஒரு ஒண்ணுவிட்ட தங்கச்சி போட்டா, அந்தப் படத்தையும் அண்ணாச்சி அதே குரூப்புல போட்டாரு. அன்னைக்குச் சொன்னா பரிபூரணம், இனி அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு. அன்னைக்குச் சொன்னாரு அண்ணாச்சி, இனி அவ வீட்டுல பச்சைத் தண்ணில கை நனைக்க மாட்டேன்னு.

வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னவ அந்த வாசலுக்குள்ள இருக்கிற பெட்டியை எப்படிக் கூப்பிடுவா? மொதல்ல புருசனை அனுப்பினா. அவரு பேரு சிவனணைந்தபெருமாள், பேருல இருக்கிற நீளம் அவரு பேச்சுல கெடையாது, தட்டைக் கொண்டு போய் வச்சுட்டு "வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தாரு, ஜோடியா வந்து கூப்பிடலைன்னு அது அசையல. அப்புறம் அவளே வெளியில முத்தத்துல நின்னுக்கிட்டு, படியை மிதிக்காம, ஜன்னல் வழியா பெட்டியைப் பாத்து, "நம்ம வீட்டுக்கும் வாங்க"ன்னா. வந்துச்சு. சந்தன வாசனை முத்தத்தைத் தாண்டி, கெணத்தைச் சுத்தி, எட்டாம் வீட்டுப் படி வரைக்கும் வந்துச்சு. வந்து அங்கனயே நின்னுச்சு. உள்ள ஏறல. தம்ளர்ல தண்ணி நெறைஞ்சு நின்னது நெறைஞ்சபடி நின்னுச்சு.

படிக்கு வெளியில ஃபோனை நீட்டினா விசிறி விரியும், உள்ள இழுத்தா மடங்கிரும். பரிபூரணம் விட்டாளா? கடையில சொல்லி பூஸ்டர் வாங்கி மாட்டினா, அதுல செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. நெட்வொர்க்கை மறந்துருன்னு ஃபோன்ல ஒரு பட்டன் உண்டுல்லா, அதை அமுக்கி மறக்க வச்சு மறுபடியும் சேத்தா, "மறக்கிறதுக்கு ஃபோனுக்கு இருக்கிற மனசு உனக்கு இல்லையேட்டி"ன்னு நான் சொன்னதுக்கு ஒரு வாரம் எங்கிட்டயும் பேசல. கடைசியில ஒரு நாளு மேளக்காரரைக் கூட்டியாந்து, ஏழு தட்டு சீர் தூக்கி, அல்வா முந்திரிக்கொத்துன்னு வச்சுக் கூப்பிட்டா. வாசனை படியில நின்னு எல்லாத்தையும் பாத்துச்சு. அல்வாவை நாங்கதான் தின்னோம்.

அவ மக நித்யகல்யாணி ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்கா, நல்ல பிள்ளை, வாய்த்துடுக்கு அம்மாவைக் கொண்டு வந்துச்சு, மனசு அப்பாவைக் கொண்டு வந்துச்சு. அந்தப் பிள்ளைக்கு ஏரல்ல இருந்து ஒரு சம்பந்தம் அமைஞ்சுச்சு, பையன் பேரு இசக்கிராஜா, கப்பல்ல இன்ஜின் ரூம்ல இருக்கான், ஒரு தடவை நேர்ல பாத்ததுலயே ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. வீட்டுக்குள்ள விசிறி விரியாததால அவன் கப்பல் கரையில நிக்கிற நாளெல்லாம் நித்யா சாயங்காலம் பூவரசுக்கு அடியில நின்னுதான் அவன்கிட்டப் பேசுவா, அதனால அவங்க பேச்சு எங்க எட்டு வீட்டுக்கும் மனப்பாடம், அவன் கப்பல்ல குழம்புக்குப் புளி பத்தலைன்னா எங்களுக்குச் சோறு எறங்காது.

நிச்சயத்துக்கு நாளு குறிச்சதும் கப்பல்ல லீவு இல்லைன்னுட்டான். சரி, அன்னைக்குக் காலையில கப்பல் துறைமுகத்துல நிக்கும், வீடியோவுல வாறேன், மத்தியானம் கெளம்பிட்டா நடுக்கடல், அப்புறம் பல மாசத்துக்கு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னான். பையனோட பெரியம்மா ஒருத்தி உண்டு, அந்த வீட்டுல அவ வச்சதுதான் சட்டம், அவ தெளிவாச் சொல்லிட்டா: "பொண்ணு வீட்டுல, வெளக்கு முன்னால, எங்க பிள்ளை முகத்தை நாங்க எல்லாரும் பாக்கணும், சம்மதம்னு அவன் வாயால சொல்லணும், அப்பத்தான் தட்டு மாத்துவோம். இல்லையா, அவன் எறங்கி வந்தப்புறம் பாத்துக்கலாம்." அவளோட அண்ணன் மக ஒருத்தி ஏரல்ல தயாரா இருக்கான்னு ஊருக்கே தெரியும். எறங்கி வந்தப்புறம் பாக்கிறதுன்னா யாரைப் பாக்கிறதுன்னும் தெரியும்.

"அம்மா, போய் மாமாவைக் கூப்பிடும்மா"ன்னு நித்யா சொன்னா. நான் அவளுக்கு நிச்சயத்து ஜாக்கெட் அளவு எடுத்துக்கிட்டு இருந்தேன், என் காதால கேட்டேன்.

"சிக்னலுக்காக அவன் காலுல போய் விழச் சொல்லுறியா?"

"சிக்னலுக்காகக் கூப்பிட்டா மாமாவும் வராது, சிக்னலும் வராது. எனக்கு மாமா வேணும். சின்னதுல என்னை கிரேன் மேல ஏத்திக் கடலு காட்டுனது யாரு, உங்க மேளக்காரரா?"

பரிபூரணம் கண்ணைத் தொடச்சா, மூக்கைச் சிந்தினா, ஆனா எந்திரிச்சுப் போகல. பிடிவாதத்துக்கு மட்டும் பஞ்சம் வந்தா அந்தக் குடும்பத்துல போய்க் கடன் வாங்கிக்கிடலாம்.

நிச்சயத்தன்னைக்குக் காலையில ஏரல்காரங்க வேன்ல வந்து எறங்கினாங்க. ஜமுக்காளம் விரிச்சு, வெளக்கு ஏத்தி, தட்டு அடுக்கியாச்சு. தண்ணி கொண்டு வந்து நீட்டினதுக்குப் பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினா. "காரியம் முடியட்டும், அப்புறம் கை நனைக்கோம்." அதுவும் முறைதான், குத்தம் சொல்ல முடியாது. ஆக அந்த வீட்டு வாசப்படியில ஒரு விருந்தாளி தண்ணி குடிக்காம நிக்குது, நடு வீட்டுல ஒரு விருந்தாளி தண்ணி குடிக்காம உட்காந்திருக்கு, பெருமாளு ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டுக்கும் நடுவுல நிக்காரு, ஃபோன்ல வட்டம் சுத்துது. சுத்துது, சுத்துது, இசக்கிராஜா மூஞ்சி ஒரு நொடி வருது, மூக்கும் வாயும் கட்டம் கட்டமாப் பிரியுது, போயிருது. "ஹலோ, கேக்குதா, ஹலோ"ன்னு அவரு அந்த வருசத்துக்குப் பேச வேண்டிய பேச்சை எல்லாம் பேசித் தீத்துட்டாரு. பெரியம்மா சொவத்துக் கடியாரத்தைப் பாத்தா, பக்கத்துல இருந்தவ காதுல என்னமோ சொன்னா, சொல்லிட்டுத் தட்டைத் தன் பக்கமா லேசா இழுத்து வச்சா.

நான் சும்மா இருக்க மாட்டாம ஒண்ணாம் வீட்டுக்கு ஓடினேன். பெட்டிகிட்ட நாமளாவது ரெண்டு வார்த்தை சொல்லிப் பாப்போம்னு நெனச்சுத்தான் போனேன். உள்ள போனா, லிங்கதுரை அண்ணாச்சி குளிச்சு, பட்டு வேட்டி கட்டி, நெத்தி நெறைய திருநீறு பூசி, ஜன்னலோரம் நாற்காலியில நிமிந்து உட்காந்திருக்காரு. பக்கத்துல மாலை, பட்டுச் சேலை, பழம், தேங்காய்னு தாய்மாமன் சீரு தட்டுத் தட்டா அடுக்கி இருக்கு. கண்ணு மட்டும் எட்டாம் வீட்டு வாசல்ல இருக்கு. சண்முகக்கனி மைனி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "விடியுறதுக்கு முன்னாடியே குளிச்சுட்டாரு ஜெபக்கனி. காப்பி கூடக் குடிக்கல. கூப்பிடுவா கூப்பிடுவான்னு பாத்துக்கிட்டே இருக்காரு"ன்னு சொன்னாவ. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம், அழுகையும் வந்துச்சு, ரெண்டும் சேந்து வந்தா என் வாயி என் கையில இல்ல.

எட்டாம் வீட்டு வாசல்ல வந்து நின்னு, ஏரல்காரங்க இருக்காங்கன்னுகூடப் பாக்கல, "ஏ பூரணம்! உன் அண்ணன் பட்டு வேட்டி கட்டிக்கிட்டுப் பச்சைப் பிள்ளை மாதிரி உட்காந்திருக்காருட்டி! சீரு ரெடி, மாலை ரெடி! நீ இன்னும் யாரு வாசலைப் பாத்துட்டு இருக்க?"ன்னு கத்திட்டேன்.

வெளக்கு முன்னால உட்காந்திருந்த நித்யா, சேலையைச் சரி பண்ணிக்கிட்டு மெதுவா எந்திரிச்சா. "அம்மா, மாமா வந்து போடாம நான் மாலை வாங்க மாட்டேன். கப்பல் கெளம்பினாலும் சரி, வேன் கெளம்பினாலும் சரி." சொல்லிட்டு மறுபடியும் உட்காந்துட்டா.

பரிபூரணம் மூலையில இருந்த தட்டை எடுத்து, வெத்தலையை அடுக்கி, பாக்கு வச்சு, குங்குமச் சிமிழை வச்சு, பெருமாளைப் பாத்து, "என்ன மரம் மாதிரி நிக்கீங்க, வாங்க"ன்னு சொல்லி எறங்கினா. படியில நின்ன சந்தன வாசனை ஒதுங்கி வழி விட்டுச்சு. அவ முத்தத்தைத் தாண்டினா, கெணத்தைத் தாண்டினா, பூவரசைத் தாண்டினா, நாங்க எட்டு வீட்டுச் சனமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாக்க, ஒண்ணாம் வீட்டு வாசப்படி முன்னால நின்னா. வலது காலைத் தூக்கினா. வச்சுட்டா.

"அண்ணே"ன்னா. வெத்தலைத் தட்டை நீட்டினா. "என் பிள்ளைக்கு நிச்சயம். நீயும் மைனியும் வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்." அதோட நிறுத்தியிருக்கலாம், அவ பரிபூரணமாச்சே. "குரூப்புல போட்டிருக்கலாம். நான் உன்னை மாதிரி இல்லல்லா, அதான் நடந்து வந்தேன்."

அண்ணாச்சி கண்ணுல தண்ணி முட்டி நிக்குது, வாயி மட்டும் விட்டுக் குடுக்கல. "எனக்கு எதுக்குட்டி அழைப்பு? என் வீட்டு விசேஷத்துக்கு நான் வரமாட்டனா?"

"அப்போ ஏன் வரல?"

"நீ கூப்பிடலல்லா!"

சொன்னப்புறந்தான் என்ன சொன்னோம்னு அவருக்கே விளங்குச்சு. மைனி மொதல்ல சிரிச்சாவ, அப்புறம் நான், அப்புறம் வாசல்ல நின்ன அற்புதம் சாரு, அப்புறம் முத்தமே சிரிச்சுச்சு. அண்ணாச்சி துண்டால முகத்தைத் தொடச்சுக்கிட்டு, "சரிட்டி, தப்புத்தான். அன்னைக்கு நானும் நடந்து வந்திருக்கணும்"னாரு. பரிபூரணம் குங்குமத்தை மைனி நெத்தியில வச்சுட்டு, வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. பெருமாளு வாயைத் திறந்து, "மச்சான், கப்பல் போயிரும்"னாரு.

அப்புறம் ஒரு வேகம். அண்ணாச்சி மாலையை எடுத்தாரு, மைனி சேலைத் தட்டை எடுத்தாவ, ஆளுக்கொரு தட்டா நாங்க எடுத்தோம், முத்தத்துல அந்த ஊர்வலம் போக, பின்னாலயே சந்தன வாசனையும் சீருக்குப் பின்னால வாற பங்காளி மாதிரி வந்துச்சு. எட்டாம் வீட்டுப் படியில அண்ணாச்சி நின்னாரு. பச்சைத் தண்ணில கை நனைக்க மாட்டேன்னு சொன்ன வார்த்தை அவரு காலைப் பிடிச்சிருக்கும் போல. பரிபூரணம் குனிஞ்சு, வைஃபைக்குன்னு வச்சிருந்த அந்தத் தம்ளரை எடுத்து, ரெண்டு கையாலயும் அண்ணன்கிட்ட நீட்டினா.

அவரு வாங்கிக் குடிச்சாரு. பாதியை வச்சுட்டுத் திரும்ப நீட்டினாரு. அவ தம்ளரைப் படியில வைக்கல, கையிலேயே வச்சிருந்தா, அவ கையில இருக்கும்போதே மிச்சத் தண்ணி ஒரு மடக்கு கொறஞ்சுச்சு, இன்னொரு மடக்கு கொறஞ்சுச்சு, தம்ளர் காலி. வாசனை அவளை உரசிக்கிட்டு உள்ள போச்சு.

"ஹலோ, மாமா, கேக்குதா?"ன்னு இசக்கிராஜா கொரலு வீடு முழுக்கக் கேட்டுச்சு. ஃபோன்ல அவன் மூஞ்சி அப்படியே துலங்குது, சட்டைக் காலர்ல கிரீஸ் கறை, அவன் பின்னால கப்பல் கம்பியில உப்புப் படிஞ்சிருக்கிறது வரைக்கும் தெரியுது. அண்ணாச்சி மருமகளுக்கு மாலையைப் போட்டாரு. பெரியம்மா ஃபோனைப் பக்கத்துல இழுத்து, "ராசா, சம்மதமாய்யா?"ன்னு கேட்டா. "அதைத்தான் பெரியம்மா காலையில இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். சம்மதம், சம்மதம், சம்மதம்"னு அவன் சொன்னதுல நித்யா சிவந்த சிவப்பு இருக்கே, குங்குமச் சிமிழு தோத்துப் போச்சு. தட்டு மாத்தியாச்சு. அதுக்கப்புறந்தான் கப்பல் சங்கு ஊதுச்சு, அது எங்க ஹார்பர் சங்கு மாதிரியே இருக்குன்னு அண்ணாச்சி எல்லாருகிட்டயும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு.

சாப்பாட்டுக்கு எலை போடுற நேரத்துல பாத்தா, பெரியம்மா தன் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல்கிட்ட நிக்கா, வாசல்கிட்ட நிக்கா, நாற்காலி மேல ஏறவும் தயாராயிட்டா. நிச்சயப் படத்தை ஏரல் சொந்தக்காரங்களுக்கு அனுப்பணுமாம். "உங்க எல்லாரு ஃபோன்லயும் வருது, என் ஃபோன்ல மட்டும் ஏன் ஒரு கோடு கூட வரல? பாஸ்வேர்டு எதுவும் உண்டா?"ன்னு கேட்டா.

பரிபூரணம் அடுப்படிக்குள்ள போய், அதே தம்ளரைக் கழுவி, தண்ணி மோந்துட்டு வந்து நீட்டினா.

"பாஸ்வேர்டு எல்லாம் இல்ல சம்பந்தி. நீங்க இன்னும் எங்க வீட்டுல கை நனைக்கலல்லா" அப்படின்னா.

பெரியம்மா அவளை ஒரு பார்வை பாத்தா, அப்புறம் தம்ளரை வாங்கி அண்ணாந்து ரெண்டு மடக்கு குடிச்சா. அவ கையில ஃபோன் கிணிங்குன்னு சத்தம் போட்டுச்சு.